சூப்பர் ஹீரோவின் கையில் எவ்வளவு இருக்கிறது? காமிக்ஸில் பணக்கஷ்டத்தை நம்பும்படி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வரைந்த முதல் காமிக்ஸின் பத்துப் பக்கங்களை மும்பையில் தாராவி கிராஸ் ரோட்டில் இருக்கும் அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கதாநாயகன் ஏழை. கிழிந்த சட்டை, காலியான பர்ஸ், ஒழுகும் கூரை, மழையில் தனியாக நிற்கும் உருவம் என்று எல்லாம் இருந்தன. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முடித்துவிட்டு, "ஏல, இவனுக்கு எவ்வளவு கடன்? யாருக்குக் கொடுக்கணும்? என்னைக்குக் கொடுக்கணும்?" என்று கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

அந்த மூன்று கேள்விகளில் மூன்றாவதுதான் முக்கியம் என்று பிறகு புரிந்தது. பணக்கஷ்டம் என்பது தொகையை விடத் தேதியில்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் ஐயாயிரம் வருமென்று தெரிந்தவனுக்கும் ஐந்தாம் தேதி ஆயிரம் கட்டியாக வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவன் வாழ்க்கை நடக்கிறது, கதையும் அங்கேதான் நடக்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்பதை என் கதை ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

என் நாயகி இசக்கி. வயது 24. தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால், கோலி என்று இங்கே சொல்லும் ஒற்றை அறை வீட்டில் அம்மாவோடும் தம்பியோடும் வாடகைக்கு இருக்கிறாள். அந்தேரியில் ஒரு பார்சல் கிடங்கில் கணக்கு எழுதும் வேலை. பத்து ஆள் தூக்கும் எடையைத் தூக்குவாள், நான்கு மாடி உயரம் தாவுவாள். இது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

முதலில் நோட்டை எடுத்து வரவு செலவு எழுதுங்கள்

ஒரு கட்டம் கூட வரைவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். பாத்திரத்தின் முகத்தை வடிவமைப்பதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறீர்களோ அவ்வளவு நேரம் இதற்கும் தேவை. இசக்கியின் கணக்கு இப்படி.

கைக்கு வரும் சம்பளம் 19,500 ரூபாய், ஏழாம் தேதி. கோலி வாடகை 7,500, ஐந்தாம் தேதி. போன் வாங்கிய தவணை 1,450, மூன்றாம் தேதி வங்கியிலிருந்து தானாகப் போய்விடும். சீட்டு 2,000, பத்தாம் தேதி. மளிகை, காய், பால் எல்லாம் சேர்த்து 6,000. அம்மாவின் பிரஷர் மாத்திரை 900. கரண்டும் சிலிண்டரும் 1,600. ரயில் பாஸ், போன் ரீசார்ஜ் 600. கூட்டினால் 20,050. மாதம் 550 ரூபாய் துண்டு விழுகிறது.

துண்டு பெரிதாக இருக்கக் கூடாது. மாதம் பத்தாயிரம் குறைந்தால் அந்தக் குடும்பம் ஊருக்கே திரும்பிப் போயிருக்கும். 550 என்பது சமாளித்துவிடலாம் என்று தோன்றும் தொகை. அதனால்தான் அவர்கள் சமாளிக்கிறார்கள், அதனால்தான் அது சேர்ந்துகொண்டே போகிறது. இன்னொன்றையும் பாருங்கள். தவணை மூன்றாம் தேதி, வாடகை ஐந்தாம் தேதி, சம்பளம் ஏழாம் தேதி. முழுச் சம்பளமும் போதுமானதாக இருந்தாலும் மூன்றிலிருந்து ஏழு வரை இசக்கி ஒளிந்துதான் நடக்க வேண்டும். உங்கள் வில்லன் எந்த நாளில் தாக்குகிறான் என்பதை இந்த நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். என் கதையில் எல்லாப் பெரிய சண்டையும் நான்காம் தேதியை ஒட்டியே வரும்.

ரீசார்ஜ் போன்ற சின்ன விஷயம் நிறையக் கொடுக்கும். 28 நாள் திட்டத்தில் இருப்பவருக்கு வருடத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று ரீசார்ஜ். மாதச் சம்பளக்காரருக்கு அந்தத் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு மாதம் சரியாக ஆறாம் தேதியில் வந்து நிற்கும். அன்றைக்கு நெட் இல்லாத நாயகிக்கு மாஹிமில் தீப்பிடித்த செய்தி தெரியாமலே போகலாம். அந்த ஒரு இரவை மட்டும் வைத்து இருபது பக்கம் எழுதலாம்.

சக்தியைக் காசாக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடையுங்கள்

வாசகர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "இவ்வளவு சக்தி இருக்கிறதே, அதை வைத்துச் சம்பாதிக்கலாமே?" இதற்குப் பதில் சொல்லாமல் நகர்ந்தால் மற்ற எல்லாமே பொய்யாகிவிடும். "அது தர்மம் இல்லை" என்று ஒரு வரியில் முடிப்பதும் போதாது. தர்மம் ஒரு பதில்தான். ஆனால் பசிக்கும்போது அது தினமும் சோதிக்கப்படும். ஆகவே நடைமுறையிலும் கதவு மூடியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் முன்னோடிகள் அழகாக வேலை செய்திருக்கிறார்கள். 1963இல் ஸ்பைடர்மேனின் சொந்தப் பத்திரிகையின் முதல் இதழிலேயே, மேடையில் வித்தை காட்டியதற்கு அவனுக்கு ஒரு செக் கிடைக்கும். செக்கில் இருப்பது ஸ்பைடர்மேன் என்ற பெயர். வங்கியில் அடையாளச் சான்று கேட்பார்கள். முகமூடிதான் அவன் சான்று, அதை ஏற்க மாட்டார்கள். அதை எழுதிய ஸ்டான் லீயும் வரைந்த ஸ்டீவ் டிட்கோவும் சில கட்டங்களிலேயே ஒரு பெரிய கதவை அடைத்துவிட்டார்கள்.

அதே கதவை இன்று மும்பையில் எப்படி அடைப்பது? யூபிஐ போதும். இசக்கி ஒரு நகைக்கடைச் சேட்டின் பையனைக் காப்பாற்றுகிறாள். அவர் நன்றியோடு போனை எடுத்து, "க்யூஆர் காட்டு மகளே, இப்பவே அனுப்புகிறேன்" என்கிறார். ஸ்கேன் செய்தால் வங்கியில் பதிவான பெயர் திரையில் வந்துவிடும். அவள் கை பாதி தூரம் போய் நிற்கிறது. என் காமிக்ஸில் மக்களுக்கு அதிகம் பிடித்த கட்டம் அதுதான்.

அடுத்த கதவு, உடல் உழைப்பு. பத்து ஆள் சுமையைத் தூக்குபவள் வாஷி மார்க்கெட்டில் மூட்டை தூக்கலாமே? நம்மூர்க் கதைகளில் இதை யோசிக்காமல் விட்டுவிடுகிறோம். மகாராஷ்டிராவில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாத்தாடி எனப்படும் சுமை தூக்கும் தொழிலாளர்கள் வாரியத்தில் பதிவு செய்தவர்கள். டோளி என்று அழைக்கப்படும் குழுவாகத்தான் வேலை செய்வார்கள். நினைத்த மாத்திரத்தில் யாரும் போய் மூட்டை தூக்கிவிட முடியாது. அதற்கும் மேலே ஒன்று உண்டு. இசக்கி ஒருத்தி பத்து ஆள் வேலையைச் செய்தால் ஒன்பது வீட்டில் அன்று கூலி இல்லை. அந்த ஒன்பதில் ஒன்று அவள் பக்கத்துக் கோலியாக இருக்கட்டும். இப்போது அந்தக் கதவைச் சட்டமும் மூடுகிறது, அவளும் மூடுகிறாள்.

இப்படி மூன்று நான்கு கதவுகளை அடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் ஒருக்களித்து வையுங்கள். திருட்டு, ஒரு தாதாவுக்கு வேலை, ஒரு பொய்ச் சாட்சி, எதுவாகவும் இருக்கலாம். அது எப்போதும் திறந்தே இருக்கிறது என்று அவளுக்கும் வாசகருக்கும் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு சாகசத்துக்கும் பில் போடுங்கள்

நல்லது செய்வதற்குச் செலவாகும். இதைக் கறாராக எழுதுங்கள். மாஹிம் கால்வாய் ஓரத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றிய இரவுக்கு இசக்கியின் பில் இது: பிய்ந்துபோன ஷூ 900, உடைந்த போன் திரை 1,800, கையில் தையல் போட்ட தெருமுனை டாக்டருக்கு 400. மறுநாள் தாமதமாகப் போனதால் அரை நாள் சம்பளம் 375. மொத்தம் 3,475 ரூபாய். மாதம் 550 துண்டு விழும் வீட்டில் ஆறு மாதத் துண்டு ஒரே இரவில் விழுந்துவிட்டது.

ஏன் தெருமுனை டாக்டர், பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்ப்பார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். கத்திக்காயம் என்றால் அங்கே போலீஸ் கேஸாகப் பதிவாகும், பெயர் கேட்பார்கள். இலவசமானதை அவள் வாங்க முடியாது என்பது இன்னும் வலுவான காரணம்.

பில் மற்றவர்களுக்கும் போகும். இசக்கி கூரையிலிருந்து கூரைக்குத் தாவுகிறாள். தாராவியில் பல கூரைகள் தகரமும் சிமென்ட் ஷீட்டும். ஒரு ஷீட் உடைந்தால், அதுவும் மே மாதக் கடைசியில், மழைக்கு முன் நீலத் தார்ப்பாய் வாங்கவே காசு புரட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் தலையில் அது விழும். நான் இதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்தேன். இரவில் முகமூடியோடு உடைத்தவள் மறுநாள் காலை முகமூடி இல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணாக, ஷீட் மாற்ற ஏணி பிடிக்க வருகிறாள். அந்தப் பெரியவர் "எந்தப் பாவியோ உடைச்சுட்டுப் போயிட்டான்" என்கிறார். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள்.

கடன் வாங்கும் வரிசை

பாத்திரத்தைச் செதுக்குவதற்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஒரு குடும்பம் பணம் போதாதபோது எதை முதலில் செய்யும், எதைக் கடைசியில் செய்யும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. பெரும்பாலும் முதலில் தள்ளிப்போடுவார்கள். அப்புறம் குறைப்பார்கள், பால் அரை லிட்டர் கால் லிட்டராகும். பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாத்து. பிறகு அண்ணாச்சி கடையில் கணக்கு. பிறகு நகை. அதற்கும் பிறகுதான் வட்டிக்கு வாங்குவது.

ஆனால் இந்த வரிசை வீட்டுக்கு வீடு மாறும், அந்த மாற்றத்தில்தான் மனிதர்கள் தெரிவார்கள். இசக்கியின் அம்மா காதிலிருக்கும் கம்மலை அடகு வைப்பாரே தவிர, திருநெல்வேலியில் இருக்கும் தன் தம்பியிடம் கேட்க மாட்டார். ஏன் என்று நான் கதையில் சொல்லவே இல்லை. வாசகர்கள் அவரவருக்குத் தெரிந்த காரணத்தைப் போட்டுக்கொண்டார்கள். கம்மல் போனதையும் வசனத்தில் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் அம்மா தோசை திருப்புகிறார், காதுத் துளையில் வேப்பங்குச்சி. அவ்வளவுதான். தமிழ் வாசகருக்கு அதற்கு மேல் ஒரு எழுத்தும் வேண்டாம்.

வட்டியை எழுதும்போது மக்கள் பேசும் கணக்கிலேயே எழுதுங்கள். ஆண்டுக்கு 36 சதவீதம் என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. "மூணு வட்டி" என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். இருபதாயிரம் வாங்கினால் மாதம் 600. பத்து மாதம் ஒழுங்காகக் கட்டி 6,000 கொடுத்த பிறகும் அசல் இருபதாயிரம் அப்படியே நிற்கும். இந்தப் பத்து மாதத்தை நான் ஒரே பக்கத்தில் பத்துச் சின்னக் கட்டங்களாக வரைந்தேன். அதே கதவு, அதே கை, அதே ஆறு நூறு ரூபாய் நோட்டு, மாறுவது பின்னாலிருக்கும் காலண்டர் மட்டும்.

சீட்டையும் விட்டுவிடாதீர்கள். மராத்திக்காரர்கள் பிஷி என்பார்கள், நமக்கு ஏலச்சீட்டு. இருபது பேர், ஆளுக்கு 2,000, மொத்தம் 40,000. மூன்றாவது மாதமே இசக்கிக்கு அவசரம். 8,000 தள்ளி 32,000க்கு எடுக்கிறாள். தள்ளிய 8,000 இருபது பேருக்கும் 400 வீதம் பிரிகிறது. அவளுடைய அவசரம் மற்ற பத்தொன்பது பேருக்கு லாபம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதே அக்காதான் அன்று சாயங்காலம் அவளுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறார். இனி பதினேழு மாதம் அவள் கட்டியாக வேண்டும். அந்தப் பதினேழு மாதமும் உயிரோடு இருந்தாக வேண்டும் என்பது ஒரு சூப்பர் ஹீரோவுக்குச் சின்ன விஷயம் இல்லை. சீட்டு நடத்துபவரை ஓடிப்போகிறவராக எழுத உங்களுக்கு ஆசை வரும். ஒரு தடவை யோசியுங்கள். நேர்மையாக நடக்கும் சீட்டிலேயே இவ்வளவு இறுக்கம் இருக்கிறது.

பேச்சு

கஷ்டத்தில் இருப்பவர்கள் "என்னிடம் பணம் இல்லை" என்று சொல்வது மிக அபூர்வம். "இந்த மாசம் கொஞ்சம் டைட்டு", "ஏழாம் தேதி தந்துடறேன் அண்ணாச்சி", "பார்த்துக்கலாம் விடு", "எங்கயாவது புரட்டணும்". பேச்சுக் குமிழில் தொகையை விடத் தேதி அதிகமாக வரட்டும். மும்பைத் தமிழில் உதார் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நம் பேச்சில் வெறும் வாய்ச்சவடால், இந்தியில் கடன். ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் கடையில் "உதார் பந்த்" என்ற போர்டைப் பார்த்து, இங்கே சவடால் விடக் கூடாது போல என்று நினைத்துக்கொள்வது நம்மவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு காட்சி.

வெட்கம் பேச்சில் வராது, நடையில் வரும். தொண்ணூறு அடி ரோட்டை ஒரே தாவலில் கடப்பவள், பகலில் அண்ணாச்சி கடையைத் தவிர்க்க இரண்டு சந்து சுற்றிப் போகிறாள். மேலிருந்து ஒரு பெரிய கட்டம் வரைந்து, அவள் சுற்றிய பாதையைப் புள்ளிக்கோடாகக் காட்டுங்கள். மூன்று பக்கத்துக்கு முன்னால் அதே இடத்தை அவள் வானத்தில் கடந்திருக்க வேண்டும்.

பொருட்களை வரையுங்கள்

கிழிந்த சட்டை வேண்டாம். கஷ்டப்படும் வீடுகளில் வெளியே போடும் சட்டை துவைத்து மடிப்பு கலையாமல்தான் இருக்கும். வேறு இடத்தைப் பாருங்கள். கடைசி நாலு நாள் சமையலுக்காகச் சாய்த்து வைத்த சிலிண்டர். நடுவில் வெட்டி வழித்தெடுத்த பற்பசை ட்யூப். தம்பியின் பேன்ட் கீழே இரண்டு தடவை பிரித்துவிட்ட தையல் கோடு. நேற்றோடு முடிந்த ரயில் பாஸ். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். மாஹிமிலிருந்து அந்தேரிக்கு இரண்டாம் வகுப்பில் நசுங்கிக்கொண்டு போகிறவள், வெள்ளைச் சட்டை டிக்கெட் பரிசோதகரைப் பார்த்ததும் பின்வாங்கும் முகத்தை வரையுங்கள். முந்தின இரவு துப்பாக்கிக்கு எதிரில் அசையாமல் நின்ற முகம் அது.

காலத்தையும் சரிபார்த்துவிடுங்கள். யூபிஐ வந்தது 2016இல். அதற்கு முந்தைய கதையில் க்யூஆர் அட்டை தொங்கக் கூடாது. 2016 நவம்பர் 8 இரவு உங்கள் கதையில் வருகிறதென்றால், அரிசி டிரம்மில் அம்மா யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த ஐநூறு ரூபாய் நோட்டுகள் வெளியே வந்தே ஆக வேண்டும். 2005 ஜூலை 26 என்றால் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. ஊரைக் காப்பாற்றிவிட்டு விடிகாலையில் வீட்டுக்கு வந்தவள் முதலில் பார்ப்பது நனைந்துபோன ரேஷன் கார்டாக இருக்கட்டும்.

தொகையைச் சின்னதாக வையுங்கள், ஆனால் விடாதீர்கள்

கூலிக்கு உதவும் ஹீரோவாக 1972இல் வந்த லூக் கேஜ், 1973இல் ஒரு கதையில், தர வேண்டிய 200 டாலரைத் தராமல் போன டாக்டர் டூம் என்ற வில்லனைத் தேடி அவன் ஆளும் நாட்டுக்கே போய் வசூலிப்பான். ஒரு நாட்டின் அதிபதிக்கு 200 டாலர் ஒன்றுமே இல்லை. கேஜுக்கு அது வேலை செய்த கூலி. இரண்டாயிரம் கோடி ரூபாயை எந்த வாசகரும் உணர முடியாது. 200ஐ எல்லோரும் உணர்வார்கள். தங்கள் வாழ்க்கையில் வராமல் போன ஒரு 200 எல்லோருக்கும் நினைவிருக்கும்.

நல்ல நாளும் வேண்டும்

இதை நான் வெகுநாள் தவறவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் அழுகை இருந்தால் வாசகர் மரத்துப்போவார். ஓவர்டைம் காசு வந்த ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ மட்டன் எடுக்கிறார்கள். தம்பி எலும்பை உறிஞ்சுகிறான். அம்மா "நீ சாப்பிடு, எனக்கு வயிறு சரியில்ல" என்று சொல்லாமல் தானும் ஒரு துண்டு எடுத்துக்கொள்கிறார். மூவரும் சிரிக்கிறார்கள். இந்தப் பக்கம் இருந்தால்தான் கம்மல் போகும் பக்கம் வலிக்கும்.

முடிவில் புதையல், லாட்டரி, பணக்கார நண்பன், எதுவும் வேண்டாம். கடன் தீர்வதை விட உருமாறுவதே உண்மைக்கு அருகில் இருக்கும். வட்டிக்கடன் சீட்டால் அடையும், சீட்டு அடுத்த வருடம் வரை நீளும். கம்மல் திரும்ப வரும், அதே மாதம் தம்பியின் காலேஜ் கட்டணம் நிற்கும்.

கடைசியாக, வீடு நடத்தும் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்

காமிக்ஸ் படிக்கிற நண்பரிடம் கொடுத்தால் சண்டையைப் பற்றித்தான் பேசுவார். மாதக் கணக்கைத் தலையில் வைத்திருக்கும் ஒருவர் வேண்டும். இசக்கியின் முதல் அத்தியாயத்தை முடித்ததும் அதே அத்தையிடம் போனேன். இந்தத் தடவை அவர் எவ்வளவு கடன் என்று கேட்கவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டே படித்தார். பதினான்காம் பக்கத்தில் நிறுத்தி, "சிலிண்டர் பதினொண்ணாந்தேதி வந்துருக்கு. பத்தாந்தேதி சீட்டு கட்டிட்டா. அப்ப சிலிண்டருக்கு யாருகிட்ட வாங்கினா?" என்றார்.

சரி என்று வீட்டுக்கு வந்து, பன்னிரண்டாம் பக்கத்தை அழித்துவிட்டு, பக்கத்துக் கோலி அக்கா கதவைத் திறக்கும் ஒரு கட்டத்தை வரைந்தேன்.